செட்டியார் தெருவின் பெயரைக் கணினியிடம் கேட்காதீர்கள்

இலங்கைத் தெருக்கள் அனைத்துக்கும் ஒரே பிற்பகலில் தமிழ்ப் பெயர் எழுதிவிடலாம் என்கிறார் எனக்குத் தெரிந்த இளம் மென்பொறியியலாளர் ஒருவர். பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதுவது, திறந்த வரைபடத்திலுள்ள ஆங்கிலப் பெயர்களை அதன்மூலம் வாசிப்பது, அவற்றின் ஒலியைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுவது, வெறுமையாகக் கிடக்கும் தமிழ்க் கட்டங்களில் கொட்டிவிடுவது: இதுவே அவரது திட்டம். இதனைத் தமிழ்த் தொண்டு என்று அவர் மனமார நம்புகிறார். நல்ல பிள்ளை, நான் தம்பி என்றே அழைப்பேன். ஆனாலும் அவருடைய திட்டத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஏன் என்பதை நேரில் அரைகுறையாகச் சொன்னேன். இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கலைப்பட்டம் பெற்ற பத்திரிகைக்காரன் கணினியைக் கண்டு மிரளுகிறான் என்று எவரும் எண்ண வேண்டாம். பைத்தானில் நாலு வரி எழுத என் மகளிடம் கற்றிருக்கிறேன். நான் எதிர்ப்பது நிரலை அன்று. நிரலுக்குத் தகாத வேலையை அதன் தலையில் சுமத்துவதை.

விடயம் அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடக்கிவைத்த உலக வரைபடம். விக்கிப்பீடியாவைப் போலவே, கணக்கொன்றைத் திறந்துகொண்ட எவரும் இதில் தெருவை வரையலாம், கட்டடத்தைக் குறிக்கலாம், பெயரை எழுதலாம். 2012 செப்டெம்பர் முதல் திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் இதன் தரவுகள் வழங்கப்படுகின்றன. மூலத்தைக் குறிப்பிட்டு, அவ்வுரிமத்தின் நிபந்தனைகளுக்கு இணங்கினால் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். நம் நாட்டில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலிருந்து வரைபடம் வரைகிறது. ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு பெயர் பிழையாக இருந்தால் நீங்களோ நானோ பேனாவை எடுத்துத் திருத்த முடியாது. இதில் முடியும்.

இந்த வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் மொழிவாரியாகப் பெயர்க் கட்டங்கள் உண்டு. ஆங்கிலத்துக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. இலங்கை முழுவதற்குமான தரவை ஜியோஃபாப்ரிக் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் தளத்திலிருந்து ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பைஓஸ்மியம் போன்ற பைத்தான் நூலகங்களைக் கொண்டு அந்தக் கோப்பைத் துருவலாம். 'ஆங்கிலப் பெயர் உள்ள, தமிழ்ப் பெயர் இல்லாத தெருக்களை எல்லாம் பட்டியலிடு' என்று கட்டளையிடுவதற்கு இருபது வரி நிரல் போதும்.

அந்தப் பட்டியல் நமக்கு வெட்கம் தருவது. எத்தனை என்று இங்கே எண்ணிக்கை எழுதப்போவதில்லை. இன்று எழுதும் எண் நாளை மாறிவிடும். நீங்களே இயக்கிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தையோ மட்டக்களப்பையோ தேடிப் போக வேண்டாம். தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழும் அரச கரும மொழியாகும் என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல், பதின்மூன்றாம் திருத்தத்தின் வாயிலாக. அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் 1991இல் வந்தது. பெயர்ப்பலகையில் தமிழ் இல்லை, இருந்தாலும் பிழையாக இருக்கிறது என்று அன்றுதொட்டு நாம் எழுதிவருகிறோம். நானும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். அது நியாயமான முறைப்பாடு. ஆனால் இந்த வரைபடத்துக்கு அமைச்சு இல்லை, சுற்றறிக்கை இல்லை, கேள்விப்பத்திரம் இல்லை. எழுதாதே என்று தடுப்பார் ஒருவரும் இல்லை. இங்கும் தமிழ்க் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறதென்றால் பழியை எவர் தலையில் போடுவது? தமிழின் தொன்மை பற்றி மேடைதோறும் முழங்குவோர் தாம் குடியிருக்கும் ஒழுங்கையின் பெயரை ஒரு கட்டத்தில் எழுத முன்வரவில்லை என்பதே உண்மை.

தம்பியின் ஆத்திரம் இந்த இடத்தில் எனக்கு விளங்குகிறது. மனிதர் செய்யமாட்டார்கள், ஆகவே இயந்திரம் செய்யட்டும் என்கிறார். இனி அந்த இயந்திரம் என்ன செய்யும் என்று பார்ப்போம்.

ஆங்கிலத்தில் வெள்ளவத்தையின் பெயரை எழுதும் எழுத்துகளில் தகரத்துக்கும் டகரத்துக்கும் வேறுபாடு இல்லை; லகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே எழுத்தை மட்டும் பார்க்கும் நிரல் அதனை 'வெல்லவட்டே' ஆக்கும். கொட்டாஞ்சேனை 'கோடஹேனா' ஆகும். ஆங்கிலத்தை விடுத்துச் சிங்களத்திலிருந்து ஒலிபெயர்த்தாலும் 'கொட்டஹேன' என்றுதான் வரும். சிங்களத்தில் 'ஹேன' என்பதும் இலங்கைத் தமிழில் 'சேனை' என்பதும் ஒரே பயிர்ச்செய்கையின் பெயர் என்பது நிரலுக்குத் தெரியாது. நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

இவை சிறு பிழைகள், திருத்திக்கொள்ளலாம் என்பார் தம்பி. சரி, நகரத்தின் நடுவுக்கு வாருங்கள். நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் உள்ள தெருவுக்கு ஆங்கிலத்தில் கடல் தெரு என்று பொருள்படும் பெயர். நாம் அதனைச் செட்டியார் தெரு என்கிறோம். சிங்களத்திலும் அது ஹெட்டி வீதிய, அதாவது செட்டித் தெருதான். நீதிமன்றங்கள் உள்ள பகுதிக்கு ஆங்கிலத்தில் ஹல்ஸ்டொர்ப் என்று பெயர். ஹுல்ஃப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயரிலிருந்து வந்தது அது. நமக்கு அது புதுக்கடை, சிங்களத்தில் அலுத்கடே, இரண்டுக்கும் பொருள் ஒன்று. ஆங்கிலேயர் 'பெட்டா' என்றது நம்முடைய 'பேட்டை'யைத்தான். ஆனால் நாம் அவ்விடத்தைப் புறக்கோட்டை என்கிறோம், சிங்களவர் பிட்டகொட்டுவ என்கின்றனர். இரண்டுக்கும் கோட்டைக்குப் புறத்தே உள்ளது என்றே பொருள். கறுவாத்தோட்டமும் குருந்துவத்தவும் அப்படியே.

இப்பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கொழும்பின் பழைய இடங்கள் பலவற்றில் தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் பொருளால் உடன்பிறந்தவை. ஆங்கிலப் பெயர் மட்டும் வேறு வழியே வந்தது. இந்நகரத்தில் ஒரே தெருவில் கடை வைத்து, ஒரே சந்தையில் பேரம் பேசி, ஒருவர் சொன்ன பெயரின் பொருளை மற்றவர் தம் மொழியில் சொல்லி வாழ்ந்த இரு சமூகங்களின் சுவடு அது. ஒலிபெயர்ப்பு நிரல் ஒலியை மட்டும் சுமந்துவருகிறது. இந்தச் சுவட்டை அழித்துவிடுகிறது. செட்டியார் தெரு 'சீ ஸ்ட்ரீட்' ஆகிவிட்டால், அந்தத் தெருவில் செட்டிமார் இருந்தார்கள் என்பதற்கு அந்த வரைபடத்தில் சான்றில்லை.

ஒலிபெயர்ப்பு வேண்டாம், மொழிபெயர்ப்பு நிரலைப் பயன்படுத்தலாம் என்கிறீர்களா? அது இன்னும் கேடு. கொம்பனித் தெருவின் பழைய ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தால் 'அடிமைத் தீவு' என்று வரும். கற்பனையாகச் சொல்லவில்லை. நிறுவனமொன்று அனுப்பிய தமிழ் அறிக்கையில் அப்படியே எழுதப்பட்டிருந்ததை என் மேசையில் கண்டு, சிவப்பு மையால் அடித்துத் திருத்தியிருக்கிறேன். காலி வீதி 'காலி சாலை' ஆகிவிடும். தமிழகத்து எழுத்துகளை வாசித்துப் பழகிய நிரலுக்கு நம்முடைய 'வீதி' பழக்கமில்லை. மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பினால் காலி என்பதற்கு வெறுமை என்று பொருள்கொண்டு, கொழும்பின் மிக நெரிசலான வீதியை ஆளில்லாத வீதியாக்கினாலும் வியப்பதற்கில்லை.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு இவையெல்லாம் தெரியும் ஐயா என்று தம்பி மறுமொழி சொன்னார். தெரியலாம். செட்டியார் தெரு புகழ்பெற்ற தெரு, எங்கேனும் எழுதப்பட்டிருக்கும். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு முடுக்கை அங்குள்ளவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று எந்த நூலில் இருக்கிறது? அந்தப் பெயர் வாய்களில் மட்டுமே வாழ்கிறது. எழுதப்படாத ஒன்றை எந்த இயந்திரமும் வாசித்திருக்க முடியாது. ஆயினும் கேட்டால் விடை சொல்லாமல் விடாது. ஏதோ ஒன்றைப் புனைந்து தரும். அதுதான் அபாயம்.

'ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று இருப்பது நல்லதல்லவா, பிறகு திருத்திக்கொள்ளலாமே' என்ற வாதத்துக்கு இப்போது வருகிறேன். நல்லெண்ணத்தில் பிறந்த மிகப் பிழையான வாதம் இது.

வெற்றுக் கட்டம் ஒரு செய்தியைச் சொல்கிறது: இந்தத் தெருவின் தமிழ்ப் பெயரை இன்னும் எவரும் விசாரித்து எழுதவில்லை என்பதே அச்செய்தி. அந்த வெறுமையை இருபது வரி நிரலால் கண்டுபிடிக்க முடிகிறது. அதில் பொய்ப்பெயரை நிரப்பிவிட்டால், அடுத்த நாள் அதே நிரலை இயக்கினால் 'எல்லாம் நிறைவு' என்று விடை வரும். விசாரித்து எழுதிய பெயர் எது, இயந்திரம் துப்பிய பெயர் எது என்று பின்னர் பிரித்தறிவது எளிதன்று. குறையைத் தீர்க்கவில்லை, குறை தெரியாதபடி பூசி மெழுகிவிட்டோம் என்பதே அதன் பொருள். அரச அலுவலகங்களில் இந்த வித்தையைப் பலமுறை கண்டு எழுதியவன் நான். நம் பிள்ளைகள் அதனைத் தமிழின் பெயரால் செய்யும்போது வாளாவிருக்க முடியாது.

முப்பது ஆண்டுக்குக் கிட்டப் பத்திரிகை மேசையில் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். அச்சேறிய பிழை தானாகச் சாவதில்லை. ஒரு பத்திரிகையில் வந்த பிழையை இன்னொரு பத்திரிகை எடுத்தாளும்; பத்தாண்டு கழித்து ஆய்வாளர் ஒருவர் இரண்டையும் சான்று காட்டுவார். வரைபடத் தரவு அதைவிட வேகமாகப் பரவுவது. இந்தத் தரவை எடுத்தாளும் கைப்பேசிச் செயலிகள் உலகெங்கும் உள்ளன. இன்று எழுதும் பொய்ப்பெயர் அவற்றில் பரவி, நாளைய செயற்கை நுண்ணறிவுக்கு உணவாகி, அதே இயந்திரத்தின் வாயால் 'சான்றாக' நம்மிடமே திரும்பி வரும். அப்போது கொட்டாஞ்சேனை முதியவர் ஒருவர் 'இதன் பெயர் இதுவல்ல, மகன்' என்றால், அவரை எவர் நம்புவார்?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சமூகமே இதனை உணர்ந்திருக்கிறது. தானியக்கத் திருத்தங்களுக்கென ஒரு நடத்தைக் கோவை அங்குண்டு. மொத்தமாக நிரலால் மாற்றுவதற்கு முன்னர் சமூகத்தோடு கலந்து பேச வேண்டும் என்பது விதி. வெறும் ஒலிபெயர்ப்பு எவருக்காவது தேவையென்றால், திரையில் காட்டும் நேரத்தில் அந்தந்தச் செயலியே செய்துகொள்ளட்டும். அதனைப் பெயர் என்று தரவில் சேமிக்க வேண்டிய தேவை என்ன?

இதிலெல்லாம் என்ன பெரிய நட்டம் என்று கேட்போருக்கும் மறுமொழி உண்டு. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின்னர் இடர் முகாமைத்துவத்துக்கான சஹானா என்ற திறந்த மென்பொருள் இலங்கையில்தான் உருவாகியது. 2013இல் மட்டக்களப்பின் மண்முனை வடக்கில் ஏறத்தாழ 30,000 கட்டடங்களும் 450 கிலோமீற்றர் வீதிகளும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியப்பட்டன. வெள்ளம் வந்தால் எவர் வீடு மூழ்கும் என்பதை அறியவே அந்த உழைப்பு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து 600 பேருக்கு மேல் மாண்டபோது, வெள்ளமும் மண்சரிவும் எத்தனை ஊர்களை ஒரே வேளையில் துண்டித்தன என்பதை நாடே கண்டது. அத்தகைய வேளையில் தொலைபேசியில் உதவி கேட்கும் தமிழ்த் தாய், தான் அறிந்த பெயரைத்தான் சொல்லுவாள். வரைபடத்தின் தமிழ்க் கட்டத்தில் அந்தப் பெயர் இருந்தால் தேடுபவருக்கு இடம் கிடைக்கும். இயந்திரம் புனைந்த பெயர் இருந்தால் கிடைக்காது. வெறுமையாக இருந்தாலாவது அயலில் விசாரிப்பார்கள். பிழையான பெயர் இருந்தால் தேடியாயிற்று, இல்லை என்று அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே நிரல் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பெயர் சொல்லும் வேலை அதற்குரியதன்று; ஆனால் பெயர் இல்லாத இடத்தைக் காட்டும் வேலைக்கும் பிழை பார்க்கும் வேலைக்கும் அதனைப்போல் உழைப்பாளி கிடையாது.

பிழை பார்ப்பது பற்றி ஓர் எடுத்துக்காட்டு. 'வெள்ளவத்தை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 10 என்கும். முதலாம் வகுப்புப் பிள்ளை 6 என்று சரியாகச் சொல்லும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் கணினி தனித்தனியே எண்ணுவதால் வரும் வேறுபாடு இது. இதனால் விளையும் வில்லங்கம் ஒன்றுண்டு. கொட்டாஞ்சேனையின் முதலெழுத்தான 'கொ'வை ககரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரமும் ஒற்றைக்கொம்பும் காலுமாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. நம் பத்திரிகைகள் நெடுங்காலம் பயன்படுத்திய பாமினி எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும்போது இத்தகைய பிழைகள் நேர்வதுண்டு. தேடுபவர் ஒருவகையில் தட்ட, தரவு மற்றொருவகையில் இருக்க, ஊரே காணாமற்போய்விடும். பைத்தானோடு வரும் ஒருங்குறி நூலகத்தின் ஒரே கட்டளை இதனைச் சீராக்கும். காலுக்குப் பதிலாக ரகரம் எழுதிய இடங்கள், தமிழ்க் கட்டத்தில் தவறி விழுந்த சிங்கள எழுத்துகள், ஒரே வீதியின் இரு துண்டுகளில் இருவேறு எழுத்துக்கூட்டல்கள் ஆகிய அனைத்தையும் நிரல் பட்டியலிடும். எது சரி என்று தீர்ப்பது மனிதர் வேலை.

அந்தத் தீர்ப்பைத் தூய தமிழ்வாதிகளிடமும் ஒப்படைக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளவத்தையில் முன்னர் ஹை ஸ்ட்ரீட் என்று வழங்கிய வீதிக்குச் சிங்கள நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வாவின் பெயர் இடப்பட்டது. தமிழிலும் அது டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைதான். 'மாவத்தை' சிங்களச் சொல் என்று அதனைப் பெருந்தெருவாக்கப் புறப்பட்டால், அந்த வீதியில் வாழும் தமிழருக்கே இடம் விளங்காது. 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருப்பது 57ஆவது ஒழுங்கையில். அதற்குப் போகும் வழி உருத்திரா மாவத்தை. ருகரத்துக்கு முன் உகரம் சேர்க்கும் தமிழ் மரபும், மாவத்தை என்ற சிங்கள வரவும் ஒரே பெயரில் குடியிருக்கின்றன. கொழும்புத் தமிழ் என்பது இதுதான். இயந்திரத்துக்கும் இது எட்டாது, தூய்மைவாதிக்கும் எட்டாது.

சரியான பெயருக்குச் சான்று எங்கே? தெருவில் உள்ள பலகையில், முதியவர்களின் வாயில், கோயில் அறிவித்தலில், கலியாண அழைப்பிதழில். நம் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களையும் எடுத்துப் பாருங்கள். வீட்டு முகவரியைக் குடும்பத்தார் தாமே எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரு தெருவைத் தமிழர் எப்படி எழுதினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் பிரதி செய்வது மட்டும் கூடாது. உரிமச் சிக்கல் வரும் என்பதோடு, அங்குள்ள பிழையும் கூடவே வரும்.

தம்பி, உம்முடைய நிரலை எறிந்துவிட வேண்டாம். அதன் கடைசிப் பகுதியை மட்டும், பெயரைத் தானாக எழுதும் அந்த நாலு வரிகளை மட்டும், அழித்துவிடும். மிச்சத்தைக் கொண்டு வெள்ளவத்தையின் வெற்றுக் கட்டங்களைத் தெருவாரியாகப் பட்டியலிட்டுத் தாளில் அச்செடும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கைகளை இருவர் சேர்ந்தால் சில மாலைகளில் நடந்து முடிக்கலாம். கொட்டாஞ்சேனைக்கு இன்னும் சில மாலைகள் வேண்டும். அங்கே முடுக்குகள் அதிகம், பேசுவதற்கு மனிதரும் அதிகம். பெயர் தெரிந்ததை எழுதுவோம். தெரியாததை வெறுமையாகவே விட்டு, அடுத்த முறை விசாரிப்போம். பட்டியல் ஆயத்தமானதும் சொல்லும், நானும் வருகிறேன்.